சாப்பிட்டாச்சு

குழந்தைகளுக்கு எடை போடும் நாளில் பூங்கொடி அங்கன்வாடிக்குப் போகவில்லை. முந்தைய மாதமும் போகவில்லை. அதனால் டெல்பின் டீச்சர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி, விவசாயக் காட்டுக்கு நடுவில் இருந்தது பூங்கொடியின் வீடு. வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"பாப்பா எங்கம்மா? ரெண்டு மாசமா கண்ணுலயே காட்ட மாட்டேங்கற" என்றார் டீச்சர்.

"தூங்குதுங்க டீச்சர். இப்பத்தான் சாப்ட்டுட்டு படுத்துச்சு."

"தூங்கட்டும். நான் உள்ள வந்து பாத்துட்டுப் போயிடறேன்."

"எந்திரிச்சா அழும்ங்க. நாளைக்கு நானே தூக்கிட்டு வர்றேன்."

வினிதா தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வயது. முன்பெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டால் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருபவள், இப்போது இருந்த இடத்திலேயே இருந்தாள். அவள் சத்தம் போடாதது அந்த நேரத்தில் பூங்கொடிக்கு வசதியாகத்தான் இருந்தது.

டீச்சர் வண்டியில் மாட்டியிருந்த பையைத் தொட்டார். "சத்துமாவு கொண்டாந்திருக்கேன். பாப்பாவுக்கு வர்ற மாவுதான். வாங்கிக்கிறியா?"

பூங்கொடியின் கை லேசாக முன்னால் வந்தது. வந்த கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாங்க டீச்சர். வூட்ல எல்லாம் இருக்குது."

டீச்சரின் பார்வை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் திரும்பியது. கொட்டகை காலியாகக் கிடந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு பார்வையே பூங்கொடிக்குப் போதுமானதாக இருந்தது. மதியம் வரைக்கும் அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வினிதாவுக்கு ஒரு வயது நடந்துகொண்டிருந்தபோது நடந்த சங்கதி அது. அப்போது போர்க் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மூன்று ஏக்கரிலும் தக்காளியும் கொத்தமல்லியும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கொட்டகையில் இரண்டு சீமை மாடுகள் நின்றன. அங்கன்வாடியில் கொடுத்த மாவைப் பூங்கொடி ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அதிலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தவிட்டோடு சேர்த்துக் கலக்கிவிடுவாள். காடு வைத்திருந்த இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மாவு கொடுக்கும் இடத்தில், எல்லாத் தாய்மார்களும் வரிசையில் நிற்கும்போது, "பாப்பாவுக்கு மாவு கிண்டிக் குடுக்கறியாமா?" என்று டீச்சர் கேட்டார்.

பூங்கொடி சிரித்தாள். "எங்க வூட்ல அத மாடுதாங்க திங்குது. ஒரு சொம்பு பாலு கூடத் தருது. இதெல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க புள்ளைங்களுக்குக் குடுங்க டீச்சர். அதுங்களுக்காச்சும் ஆவும்."

இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். நாராயணம்மா சிரிக்கவில்லை. அவள் தன் மகள் செல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே வரிசையில்தான் நின்றாள். பூங்கொடியின் காட்டில் தக்காளி பறிக்க வருகிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த நாலைந்து வீடுகளில் ஒன்று அவளுடையது. அடுத்த மாதத்திலிருந்து பூங்கொடி மாவு வாங்கப் போவதையே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மழை ஏமாற்றியது. ஒரு பருவம் என்றால் தாங்கியிருப்பார்கள். மறு பருவமும் அப்படியே போனது. கர்நாடகத்துப் பக்கமும் மழை இல்லை. பெங்களூரிலேயே தண்ணீர் லாரிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். முளைத்த கொத்தமல்லி விரல் உயரத்திலேயே கருகியது. போர் முதலில் சேறாகக் கக்கியது, பிறகு வெறும் காற்றை விட்டது. பூங்கொடியின் கணவன் பூபதி கடன் வாங்கி இன்னொரு போர் போட்டான். நாள் முழுக்க அந்த இயந்திரம் வெள்ளை வெள்ளையாகப் புழுதியைத்தான் கக்கியது. கூரை, மாட்டுக் கொட்டகை, பூங்கொடியின் தலைமுடி எல்லாம் மாவு கொட்டியதுபோல் ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

தீவனம் இல்லாமல் மாடுகள் இரண்டையும் விற்றார்கள். வீட்டில் பால் நின்றது. பூபதி ஓசூர்ப் பக்கம் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். விடிவதற்கு முன் மெயின் ரோட்டுக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பான். ஓ.டி. பார்த்துவிட்டுத் திரும்பும்போது வினிதா தூங்கியிருப்பாள். சம்பளம் போர் போட்ட கடனுக்கே போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. ரேஷன் பருப்பு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு கஞ்சி, உப்பு, எப்போதாவது ஊறுகாய். விலை விழுந்த வருடங்களில் கூடை கூடையாகத் தக்காளியை ரோட்டோரம் கொட்டிய வீடு அது. கடையில் போய்க் கால் கிலோ தக்காளி கேட்கப் பூங்கொடிக்கு நாக்கு எழவில்லை. புளித் தண்ணீரில் கடுகும் பூண்டும் தாளித்துக் கொட்டுவாள். அந்த வாசம் வேலியைத் தாண்டிப் போகும். அதற்காகவே தாளித்தாள்.

"சாப்ட்டாச்சா?" என்று யார் கேட்டாலும், "ஆச்சுங்க" என்பாள். பாலக்கோட்டிலிருந்து அவளுடைய அண்ணன் போனில் கேட்டால், "ஆச்சுண்ணா, இன்னிக்கு முருங்கக்கா சாம்பாரு" என்பாள். பூபதி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதும் அதையே கேட்பான்.

"சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?"

"சாப்பிட்டாச்சு. நீங்க?"

"நான் கேன்டீன்லயே சாப்ட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவன் ஒருநாளும் சட்டியைத் திறந்து பார்த்ததில்லை. அவள் மதியம் ஒரு வேளை சாப்பிடுவாள். குழந்தைக்கு மூன்று வேளையும் கஞ்சி. நாளாக ஆகக் கஞ்சியில் சோறு குறைந்து தண்ணீர் கூடியது.

சில வாரங்களாக வினிதா மதியக் கஞ்சியைக் குடிக்காமல் தள்ளிவிட்டாள். காலையில் பின்பக்கம் விளையாடப் போய்விட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். பூங்கொடி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்ப்பாள், பிறகு மீந்த கஞ்சியைத் தானே குடித்துவிடுவாள். ஒருநாள் வினிதா கையை நீட்டிக்கொண்டு, "புவ்வா" என்றாள். பூங்கொடி வீட்டில் சோற்றை 'மம்மு' என்றுதான் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். புவ்வா என்பது வேலிக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்கிற வார்த்தை. அதை எங்கே கற்றாய் என்று பூங்கொடி கேட்கவில்லை.

டீச்சர் வந்துவிட்டுப் போன மறுநாள், தண்ணீர் லாரி வந்தது. பூங்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு வேலியோரமாகப் போனாள். நாராயணம்மாவின் வீட்டு வாசலில் செல்லி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்துமாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து ஆவியில் வேகவைத்த உருண்டைகள் தட்டில் இருந்தன. அவளுக்கு எதிரே வினிதா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் உருண்டை. வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள்.

லாரியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி பூங்கொடியைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

பூங்கொடி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, வேலியில் இருந்த சந்து வழியாக நுழைந்து போனாள். குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கையில் இருந்த உருண்டைகள் மண்ணில் விழுந்தன. பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மென்றுகொண்டிருந்ததையும் வழித்துக் கீழே எறிந்தாள்.

"நம்ம வூட்ல சோறில்லையா ஒனக்கு? கண்டவங்க வூட்லயும் உக்காந்து திங்கறதுக்கு?"

சொன்னது குழந்தையிடம். கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாராயணம்மா ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"சின்னப் புள்ளதானேக்கா" என்றாள், மெதுவாக.

பூங்கொடி குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். வினிதா அழ ஆரம்பித்தாள். ஆனால் அழுகை பெரிதாக எழவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அன்று மதியமே பூங்கொடி வேலிச் சந்தில் முள்ளை வெட்டி வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினாள். கையெல்லாம் கீறிக்கொண்டது.

அடுத்த சில வாரங்களில் வினிதாவின் முகம் லேசாக உப்பியது. கன்னம் பளபளவென்று ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த பூபதி அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். "பாப்பா தேறிடுச்சு பாரு. கன்னத்தப் பாரு, கால் கூட குண்டா இருக்குது" என்றான். பூங்கொடிக்கும் அப்படித்தான் தோன்றியது. கஞ்சியே போதும்போல இருக்கிறது, நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று நினைத்தாள். அன்று அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அதே வாரத்தில் வினிதாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. லாரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பூங்கொடி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் நாள் காலையில் குழந்தையை எழுப்பினால் கண் பாதி திறந்தது, தலை நிற்கவில்லை. பூபதி வேலைக்குப் போய்விட்டிருந்தான். கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். பூங்கொடி குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பஸ்ஸில் இருந்து கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, பூபதிக்குச் சொல்லச் சொன்னாள்.

குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் இளவயதுப் பெண். வினிதாவைக் கட்டிலில் கிடத்தி, மூன்று நிறங்கள் போட்ட ஒரு நாடாவைக் குழந்தையின் மேல்கையில் சுற்றினார். அளவு சிவப்பு நிறத்தில் நின்றது. பிறகு பாதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பூங்கொடி அந்தக் குழியையே பார்த்தாள். குண்டாக இருக்கிறது என்று பூபதி சொன்ன கால் அது.

"எவ்ளோ நாளா இந்த வீக்கம்?"

"ரெண்டு வாரமா இருக்கும்ங்க. நாங்க தேறுதுன்னு நெனச்சோம்."

"வீட்ல என்ன சாப்பிடறா? நேத்து காலையிலேர்ந்து சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நர்ஸ் ஒருத்தி கையில் பேனாவோடு காத்திருந்தாள். பூங்கொடியின் வாயிலிருந்து தானாகவே வந்தது:

"காலையில இட்லிங்க. மதியம் பருப்பு சாதம், நெய்யி போட்டு. சாயங்காலம் பாலு. வாரத்துக்கு மூணு முட்ட குடுப்பங்க."

டாக்டர் யோசித்தார். "இவ்ளோ சாப்பிட்டும் இப்படி இருக்காளா? அப்போ உள்ள வேற ஏதோ இருக்கணும். கிட்னில பிரச்சினை இருந்தாலும் உடம்பு இப்படி நீர் கோத்துக்கும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். யூரினும் வேணும். தேவைப்பட்டா பெங்களூருக்கு எழுதித் தர்றேன்."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். குழந்தையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்திப் பார்த்துவிட்டு மறு கைக்கு மாறினாள். அங்கேயும் கிடைக்காமல் காலுக்கு வந்தாள். வீங்கிய பாதத்தில் தடவித் தடவித் தேடினாள். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் வினிதா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவளுடைய பார்வை அம்மாவின் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

"பாப்பாவக் கெட்டியாப் புடிங்கம்மா. இன்னொரு தரம் பாத்துடறேன்" என்றாள் நர்ஸ்.

பூங்கொடி பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "வேணாங்க" என்றாள்.

"டெஸ்ட் எடுக்காம எப்படிம்மா?"

"கிட்னியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் சொன்னது எல்லாம் பொய்ங்க. இட்லியும் இல்ல, பருப்பும் இல்ல. முட்ட கண்ணால பாத்து எத்தினி மாசம் ஆச்சு. வெறும் கஞ்சித்தண்ணிதான் குடுத்தேன். அதுக்குப் பசிதாங்க. வேற ஒண்ணும் இல்ல."

பக்கத்துக் கட்டில்காரி சோற்றுக் கையோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி தலையைத் திருப்பியபோது, வாசலில் கம்பெனி நீலச் சட்டையோடு பூபதி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டான் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் திட்டவில்லை. ஊசியை எடுத்துவிடச் சொன்னார். "முதல்லயே சொல்லியிருந்தா பரவாயில்ல. இப்பவாவது சொன்னீங்களே" என்றார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்லி நர்ஸிடம் விவரம் சொன்னார். ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது என்றும் சொன்னார். திட்டியிருந்தால் பூங்கொடிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழந்தை கண்ணயர்ந்த பிறகு, பூபதியும் அவளும் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான் பூபதி.

அவனே மேலும் சொன்னான்.

"சொல்லியிருந்தா மட்டும் என்னா பண்ணியிருப்பன். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. சட்டியத் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்னுதான் பாக்கல." கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "கேன்டீன்ல சோறு எவ்ளோ வேணாலும் போடுவாங்க. நான் மூணு தரம் வாங்குவேன். புதன்கெழம முட்ட. ஒரு தரம் பாப்பாவுக்குன்னு ஜோப்புல போட்டுக்கிட்டேன். வெளிய வரும்போது கேட்ல செக் பண்ணுவாங்க. முட்ட திருடினவன்னு எல்லார் முன்னாடியும் நிக்கணுமேன்னு பயந்துக்கிட்டு, கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல நின்னு தின்னுட்டேன்."

பூங்கொடி அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கழுத்தும் கன்னமும் கொஞ்சம் சதை போட்டிருந்தன. அதை அவள் முன்பே பார்த்திருந்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபப்பட இருவரில் யாருக்கும் தகுதி இல்லை என்றும் தோன்றியது. அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் நாராயணம்மா வந்தாள். செல்லியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறி, வார்டு வார்டாக விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு மஞ்சப்பையில் இரண்டு சாத்துக்குடிகள் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை.

"டீச்சர் சொன்னாங்க. மனசு கேக்கல" என்றாள். வினிதாவின் காலைத் தடவினாள். "ஒடம்பு வாடிப் போச்சே கண்ணு."

வினிதா அவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"தெனமும் காலையில வந்துரும்க்கா" என்றாள் நாராயணம்மா. "செல்லிக்கு மாவு கிண்டற நேரம் இதுக்குத் தெரியும். வந்து எதுக்க உக்காந்துக்கும். ரெண்டுத்துக்கும் சேத்துதான் போடுவேன். செல்லிக்குக் கொஞ்சம் கொறையும். என்னா பண்றது, பாத்துக்கிட்டே இருக்கற புள்ளைய வெச்சுக்கிட்டு நாம எப்புடித் திங்கறது. அப்பறம் நீங்க வேலியக் கட்டிட்டீங்க. ரெண்டு நாளு அந்த முள்ளுக்கிட்ட வந்து நின்னுச்சு. நான் இந்தப் பக்கத்துலருந்து பாத்தேன். நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு கூப்புடல."

அவள் குறை சொல்கிற மாதிரி அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பூங்கொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இது தனக்குத் தெரியாத செய்தி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் தெரிந்துதான் இருந்தது. குழந்தை மதியக் கஞ்சியைத் தள்ளிவிட்ட முதல் நாளே தெரியும். புவ்வா என்று கேட்ட அன்று இன்னும் நன்றாகத் தெரியும். கேட்டால் தடுக்கவேண்டி வரும் என்பதால் கேட்கவில்லை. மகள் வேறொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள், இந்தக் கஞ்சி நமக்கு மிச்சம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. யாரும் பார்க்காத வரைக்கும் அந்தச் சோறு அவளுக்குச் சம்மதமாக இருந்தது. தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்த பிறகுதான் அது ஆகாமல் போனது. தன்னுடைய மானத்துக்காகக் குழந்தையின் வாயிலிருந்து வழித்துப் போட்டாள்.

நாராயணம்மா ஆறேழு வயது மூத்தவள், ஆனாலும் அவள்தான் பூங்கொடியை அக்கா என்பாள். அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகியிருந்தாள் பூங்கொடி. இப்போது அக்கா என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது. வாய் வரவில்லை. "பாத்துப் போங்க" என்று மட்டும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் வார்டில் இருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் வினிதா இன்னும் இளைத்துப் போனாள். தோலுக்கு அடியில் எலும்பு எலும்பாக இருந்தாள். அதுதான் உண்மையான உடம்பு, இனிமேல்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னார். பிறகு மெல்ல மெல்லக் கண்ணில் ஓட்டம் வந்தது. ஒருநாள் பக்கத்துக் கட்டில் குழந்தையின் பலூனுக்காக வாய்விட்டு அழுதாள். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். பூங்கொடி அவளை அடக்கவில்லை.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் அங்கன்வாடியில் மாவு கொடுத்தார்கள். பூங்கொடி வினிதாவைத் தூக்கிக்கொண்டு போனாள். வரிசையில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, "என்னக்கா, திரும்ப மாடு வாங்கிட்டீங்களா?" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்பின் டீச்சர் உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணை அதட்ட வாயெடுத்தார்.

"இல்லம்மா. எம்புள்ளைக்குத்தான்" என்றாள் பூங்கொடி. "அதுக்குச் சோறில்லாமதான் ஆஸ்பத்திரியில கெடந்தோம்."

கேட்ட பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. பூங்கொடிக்குக் காது மடல் வரைக்கும் சூடாக இருந்தது. சொன்னால் லேசாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் குழந்தையை எடை போட்டார். மாவோடு, ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சத்துணவுப் பாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தார். "தெனமும் காலையில இங்க கொண்டாந்து விட்டுடு. மதியம் இங்கயே சாப்பிடட்டும், முட்டையும் போடறோம். நீ ஏதாச்சும் வேலை இருந்தாப் பாரு" என்றார். முன்பு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடி வேலிப் பக்கம் போனாள். முள் காய்ந்து கம்பியோடு இறுகிப் போயிருந்தது. அரிவாளால் வெட்டி இழுத்து, ஓரமாகப் போட்டாள். வினிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சந்து வழியாக நடந்து, நாராயணம்மாவின் வாசலில் போய் நின்றாள். இத்தனை வருடத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடத்தான் அங்கே வந்திருக்கிறாள். கூப்பிட்டுவிட்டு வெளியிலிருந்தே போய்விடுவாள்.

நாராயணம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா நடக்குதே" என்றாள்.

"நடக்குது." பூங்கொடி வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ரோஜாத் தோட்டத்து ஷெட்ல ஆளு எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. நீங்க அங்கதானே போறீங்க. நானும் வரலாமான்னு கேக்க வந்தேன்."

"வாங்க. நாளைக்கே மேஸ்திரிகிட்டச் சொல்றேன். குனிஞ்சு வெட்டற வேல. இடுப்பு புடிச்சுக்கும்." நாராயணம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்: "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்குப் புள்ளைய அடிச்சீங்களே. திருட்டுத்தனமாத் தின்னுச்சுன்னா அடிச்சீங்க, இல்ல எங்க வூட்டுல தின்னுச்சுன்னா?"

பூங்கொடி வினிதாவின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அன்றைக்கு வார்டில் சொன்னதுபோல இதையும் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இங்கே அவளும் நாராயணம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

"உங்க வூட்டுலன்னுதான்" என்றாள்.

நாராயணம்மா தலையை ஆட்டினாள். "நானும் அப்புடித்தான் நெனச்சேன். அது மனசுல கெடக்குது. போவல." அதற்குள் வினிதா அம்மாவின் கையை விட்டுவிட்டு, உள்ளே செல்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"வெய்யில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றாள் நாராயணம்மா.

தலையைக் குனிந்து உள்ளே போனாள் பூங்கொடி. நாராயணம்மா ஒரு தட்டில் களியைப் போட்டு, கீரைக் குழம்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். பூங்கொடியின் கை தட்டுக்கு அருகில் போய் அப்படியே நின்றது. எதிரே நாராயணம்மா அவளைப் பார்க்காமல் குழந்தைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பூங்கொடி ஒரு கவளம் பிட்டு, குழம்பில் தொட்டு விழுங்கினாள். அடுத்ததையும் விழுங்கினாள். தனக்கு எவ்வளவு பசி என்பது தட்டு காலியான பிறகுதான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?" என்று கேட்டாள் நாராயணம்மா.

"வைங்க" என்றாள் பூங்கொடி.